தட்டுமேஸ்திரியின் முதுகும் அது எழுப்பாத சத்தமும்

உலகத்திலுள்ள பொருள்களையெல்லாம் இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம் என்பது தட்டுமேஸ்திரியின் கொள்கை. தட்டினால் 'கிண்' என்பவை ஒரு வகை, 'பொத்' என்பவை இன்னொரு வகை. இந்தக் கொள்கைக்காக ஒரு கட்டுமானக் கம்பெனி பத்தொன்பது வருடமாக அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வந்தது என்றால், அதில் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும்.

அடுக்குமாடி வீட்டை வாங்கியவர் கையில் சாவி போவதற்கு முன்னால், அந்த வீட்டில் பதித்திருக்கும் ஒவ்வொரு டைலையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது அவருடைய வேலை. அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் டைல் கிண் என்னும். கலவைக்குப் பதிலாகக் காற்று குடியேறியிருந்தால் பொத் என்னும், அவர் பாஷையில் அது 'பொக்கு'. பொத் என்ற டைலின்மேல் அவர் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். போட்டால் போட்டதுதான். டைல் ஒட்டிய காண்ட்ராக்டர் கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாலும், காலை உதைத்துக்கொண்டு கத்தினாலும், அந்த டைலைப் பெயர்த்து வேறு ஒட்டித்தான் ஆக வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்காவது மேல்முறையீடு உண்டு.

இந்தத் திறமை வேலை நேரத்தோடு நின்றிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கதவைத் தட்டிப் பார்த்துத்தான் கதவு வாங்குவார். கல்யாண வயதிலிருக்கும் தன் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகிலும் அவன் அப்பாவின் முதுகிலும் அன்பாக ஒரு தட்டு தட்டிவிட்டு, உள்ளே போய் மனைவியிடம், "பையன் பரவால்ல, ஆனா அப்பன் பொக்கு" என்று அறிக்கை கொடுத்த சம்பவமும் உண்டு.

அவர் மனைவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் முதலில் கணவரைக் கட்டிட வாசலில் இறக்கிவிட்டு, பிறகு வரிசையாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவார். முப்பது பிள்ளைகளையும் ஒரு கணவரையும் தினமும் ஏற்றி இறக்கியதில் அவருக்கு ஏற்பட்ட அனுபவம், பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபம் என்பதுதான்.

தட்டுமேஸ்திரி வேலை செய்வதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு சாண் கம்பி, குத்துக்கால், தரையை நோக்கிச் சாய்ந்த காது. வாத்து நடப்பது போல அப்படியே ஹாலைக் கடந்து, படுக்கையறையைச் சுற்றி, குளியலறையில் போய் முடிப்பார். ஒரு நாளைக்கு எட்டு வீடு. பத்தொன்பது வருடம் இப்படிக் குனிந்தவரின் முதுகு ஒருநாள் ஏதாவது சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை, முதுகைத் தவிர.

அது சொன்ன இடம் ஒரு மூன்றாவது மாடிக் குளியலறை. கடைசி டைலைத் தட்டிவிட்டு எழுந்தார். அதாவது, எழ நினைத்தார். இடுப்புக்குக் கீழே யாரோ பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. வேறு வழியில்லாமல் நாலு காலில் தவழ்ந்து லிப்ட் வரைக்கும் வந்தார். அந்த நேரத்தில் வீடு பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி, மூக்கு தரையில் உரசும்படி இவர் ஊர்ந்து வருவதைக் கண்டு மெய்சிலிர்த்து, "இவ்வளவு சிரத்தையா செக் பண்ற கம்பெனிய நாங்க பாத்ததே இல்ல" என்று அங்கேயே முன்பணம் கட்டிவிட்டார்கள். கம்பெனிக்குத் தன் முதுகால் செய்த இந்த உபகாரத்தை அவர் இன்றும் நினைவுகூர்வது உண்டு.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. சைட் மானேஜர் அவரைச் சுவிட்ச் போட்டு அணைத்துப் பார்க்கும் வேலைக்கு மாற்றி வைத்திருந்தார். ஒருநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். தட்டுமேஸ்திரி நின்றுகொண்டார், உட்கார்ந்தால் எழுவது பெரிய காரியம்.

"மேஸ்திரி, புது டவர் அஞ்சு வாரத்துல தயாராயிடும். எண்பத்து நாலு வீடு. உங்களால முடியுமா?"

"முடியும் சார்."

"கையால சுவத்த புடிச்சிக்கிட்டே சொல்றீங்க."

"சுவரு நல்லா இருக்கான்னு பாத்தேன் சார்."

மானேஜர் சிரிக்கவில்லை. "முடியலன்னா ஒண்ணும் தப்பில்ல. டைல் ஒட்டுன காண்ட்ராக்டர் ஆளுங்களையே தட்டிப் பாக்கச் சொல்லிடறேன். உங்களுக்கு கேட்டுல லாரி நம்பர் எழுதற வேலை. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்."

தட்டுமேஸ்திரிக்கு இடுப்பைவிட நெஞ்சு வலித்தது. பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதா? எண்பத்து நாலு வீட்டிலும் ஒரு குறிகூட விழாது. இவரோ வெயிலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிக்கொண்டிருப்பார். லாரியைத் தட்டிப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

அன்று மாலையே மச்சான் சொன்ன கைரோபிராக்டரிடம் போனார். கைரோபிராக்டர் என்றால் முதுகெலும்பைக் கையாலேயே அழுத்தியும் நெம்பியும் சரிசெய்கிறவர் என்று மச்சான் விளக்கியிருந்தான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில், முகம் வைக்க ஓட்டை போட்ட ஒரு மெத்தைக் கட்டிலும், கொக்கியில் தொங்கும் ஒரு முதுகெலும்பும் இருந்தன. தட்டுமேஸ்திரி முதலில் அந்த எலும்பைத் தட்டினார். பொத் என்றது. "பிளாஸ்டிக்" என்று மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார்.

டாக்டரம்மா ஒல்லியாக, உயரம் குறைவாக இருந்தார். இந்தக் கையா என் முதுகைத் திருப்பப்போகிறது என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேள்விகள் வந்தன.

"கால் மரத்துப் போகுதா? ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போறதுல ஏதாவது மாத்தம்?"

"டாக்டரம்மா, நான் முதுகுக்கு வந்தேன்."

"அதனாலதான் கேக்கறேன். அதுல ஏதாவது மாறுச்சுன்னா இங்க வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சரி, வலி பத்துக்கு எத்தனை?"

"எட்டு."

டாக்டரம்மா குறித்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். "வலியால செய்ய முடியாம போன அஞ்சு விஷயம் எழுதுங்க. நாலு வாரம் கழிச்சு இந்தத் தாள வெச்சுத்தான் பாப்போம். ஒண்ணும் மாறலன்னா நானே உங்கள வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

தட்டுமேஸ்திரி தாளை வாங்கி, வேலைப் பழக்கத்தில், 'கீழ்முதுகு, இடப்பக்கம், குறை' என்று எழுதினார். மனைவி பேனாவைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டுத் தானே எழுதினார்: ஷூ நாடா கட்டுவது. சுவரைப் பிடிக்காமல் தும்முவது. இடையில் விழிக்காமல் தூங்குவது. மளிகைப் பையோடு மாடி ஏறுவது. குனிந்து ஒரு ஹால் முழுக்கத் தட்டுவது.

கட்டிலில் குப்புறப் படுத்தார். ஓட்டை வழியாக டாக்டரம்மாவின் செருப்பும் ஒரே ஒரு டைலும் தெரிந்தன. சும்மா இருக்க முடியாமல் கையைத் தொங்கவிட்டு விரலால் தட்டினார். "டாக்டரம்மா, உங்க தரையில ஒண்ணு பொக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் முதுகில் ஓர் அழுத்தம் விழுந்து, 'டடக்' என்று ஒரு சத்தம் வந்தது.

என்ன ஒரு சத்தம்! தட்டுமேஸ்திரியின் உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்தொன்பது வருடமாக எத்தனையோ டைல்களைப் பேசவைத்தவர், தன் முதுகு பேசி அன்றுதான் கேட்டார். அடுத்த நிமிடமே வைத்தியத்தின்மேல் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை பிறந்துவிட்டது. தாளை மனைவி பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வாரத்துக்கு இரண்டு முறை போனார். திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேசையில் சத்த அறிக்கை வாசிக்கப்படும்.

"இன்னிக்கு ஏழு. அதுல மூணு கிண்ணு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் பொத்து, அது அடுத்த தடவை சரியாயிடும்."

"சத்தம் இருக்கட்டும். வலி எப்படி இருக்கு?" என்றார் மனைவி.

"ஏழு சத்தம்ங்கறேன், வலியக் கேக்கறியே!"

"பின்ன ஏன் கட்டில்லேர்ந்து எழுந்திரிக்க பீப்பா மாதிரி உருண்டீங்க?"

"அது பழக்கம்."

வலி எண்ணைப் பொறுத்தவரை அவரிடம் ஒரு நாகரிகம் இருந்தது. அந்தச் சின்ன உடம்பு இவ்வளவு பாடுபட்டு அழுத்துகிறதே, போன தடவை சொன்ன எண்ணையே திரும்பச் சொன்னால் மனசு கஷ்டப்படாதா? ஆகவே இரண்டாவது முறை ஏழு என்றார். மூன்றாவது முறை ஆறு. நான்காவது முறை ஐந்து. இந்தக் கணக்குப்படி இன்னும் ஐந்து தடவை போனால் வலி பூஜ்யமாகிவிட வேண்டும். தான் சொன்ன எண்களைத் தானே நம்பிவிடுவதில்தான் அவர் மற்றவர்களோடு ஒத்துப்போனார்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒன்பது சத்தம் வந்தது. அது ஒரு சாதனை. மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மானேஜர் அறைக்குள் போனார்.

"சார், எண்பது பர்சன்ட் சரியாயிடுச்சு. வாங்க, ஒரு வீட்ட தட்டிக் காட்டறேன்."

மாதிரி வீட்டு ஹாலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிண், கிண், கிண். பன்னிரண்டு டைல் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பதின்மூன்றாவது டைலுக்கு நகர முயன்றவர், அங்கேயே இருந்தார். கம்பி கையிலிருந்து நழுவி உருண்டு மானேஜரின் காலடியில் போய் நின்றது.

"மேஸ்திரி?"

"கேக்கறேன் சார்... நல்லா கேக்கறேன்."

ஐந்து நிமிடம் கழித்தும் அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால், இரண்டு காவலாளிகள் வந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மானேஜர் லிப்ட் வரைக்கும் கூடவே வந்தார். நல்ல மனிதர்தான். "இன்னும் மூணு வாரம் இருக்கு. ஆனா காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடறேன்" என்றார்.

இந்தத் தடவை டாக்டரம்மா அழுத்துவதற்கு முன்னால் தன் குறிப்பை எடுத்துப் படித்தார். "எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு. படிக்கட்டு மாதிரி ஒவ்வொண்ணா இறங்குது. நெசமான வலி இப்படி இறங்காது சார். ஒருநாள் குறையும், மறுநாள் ஏறும், அப்புறம் குறையும். யாருக்காகச் சொன்னீங்க?"

தட்டுமேஸ்திரி தலையைக் குனிந்தார், முதுகு அனுமதித்த அளவுக்கு. "உங்களுக்காகத்தான்."

"எனக்கு வேணாம். உங்க வலிய எனக்கு உபசாரம் பண்ணாதீங்க."

"ஆனா டாக்டரம்மா, சத்தம் நல்லா வந்துச்சே? ஒம்பது!"

"சத்தம் மூட்டுக்குள்ள இருக்கற காத்துக் குமிழியோடது. சத்தம் வந்தும் வலி குறையாம இருக்கலாம். வராமலே குறையலாம். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

இதைக் கேட்ட தட்டுமேஸ்திரியின் நிலையைச் சொற்களால் வருணிப்பது கஷ்டம். ஐம்பது வருடம் கோவில் மணி அடித்தவரிடம், அந்த மணிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? உள்ளே காற்று இருந்தால் குறை. அது அவர் அறிந்த சாஸ்திரம். தன் முதுகெலும்பே காற்றில்தான் பாடிக்கொண்டிருந்தது என்றால், பிறகு எதைத்தான் நம்புவது?

அன்றிலிருந்து வைத்தியம் மாறியது. நெம்பல் இல்லை, மெதுவான அழுத்தம் மட்டும். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி கொடுத்தார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்க வேண்டும். பிறகு நாலு காலில் நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்ட வேண்டும். இரண்டாவதைச் செய்யும்போது, தரையில் மண்டியிட்டு பஸ்ஸை நிறுத்தக் கை காட்டும் பிராணி போல இருப்பதாக மகள் சொன்னாள். தினமும் இருபது நிமிட நடை வேறு. சத்தம்? ஒன்றுகூட இல்லை.

"சத்தமே இல்லாம ஒரு வைத்தியமா?" என்று வீட்டில் குமுறினார். "கையெடுத்துத் தடவி அனுப்பறாங்க. நம்ம நேரம். நாளையிலேர்ந்து போகப்போறதில்ல. கேட்டுல உக்காந்து லாரி நம்பரே எழுதறேன்."

மனைவி அவருடைய நடைச் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். 'லாரி நம்பரே எழுதறேன்' என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு பொத் இருந்தது. அதைக் கேட்க மனைவிக்குக் கம்பி தேவைப்படவில்லை.

நான்காவது வாரம் ஒருநாள் காலை, வேன் புறப்படும் நேரத்தில், நாலாவது ஸ்டாப்பில் ஏறும் பிள்ளையின் அம்மா போன் செய்தார். மனைவி சாவியைத் தேடிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னக்கா இது? ஒரு வாரமா வேன் ஏழு நிமிஷம் முன்னாடியே வந்து ஹார்ன் அடிக்குது! எம்பொண்ணு ஒரு கால்ல சாக்ஸ், ஒரு கையில பிரெட்டோட ஓடி வருது. கொஞ்சம் சொன்ன நேரத்துக்கு வாங்கக்கா!"

"நான் எப்பவும் கெளம்பற நேரத்துக்குத்தான்மா கெளம்பறேன். ரூட்டும் அதேதான்."

"அப்ப ஏழு நிமிஷம் எங்கேர்ந்து வருது?"

மனைவி போனை வைத்துவிட்டு, வேன் பக்கத்தில் நின்று யோசித்தார். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். அவர் படிக்கட்டில் கால் வைத்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்கள சைட்ல இறக்கிவிட எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? மொதல்ல வலது கால் வெளிய வரும். அப்புறம் கதவப் புடிச்சிக்கிட்டு ஒரு யோசனை. அப்புறம் ஒரு 'அம்மா!'. அப்புறம் இடது கால். பின்னாடி பத்து வண்டி ஹார்ன் அடிக்கும். இதுக்காகவே ஏழு நிமிஷம் சீக்கிரமா கெளம்ப ஆரம்பிச்சேன். ரெண்டு மாசமா அதே நேரந்தான்."

"சரி, அதுக்கு என்ன?"

"நேத்து நான் கண்ணாடியப் பாத்துட்டுத் திரும்பறேன், நீங்க கேட்டுக்குள்ள போயிட்டீங்க. நீங்க இறங்குனதே எனக்குத் தெரியல. அந்த ஏழு நிமிஷந்தான் நாலாவது ஸ்டாப்புல போய் நிக்குது."

தட்டுமேஸ்திரி கட்டிய நாடாவைப் பார்த்தார். எப்போதிலிருந்து கட்டுகிறோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. வலி வரும்போது ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நேற்றிரவு விழித்தோமா? விழித்த ஞாபகம் இல்லை. அது சாட்சியாகாது என்றாலும், தான் விழித்திருந்தால் மனைவி சொல்லியிருப்பார்.

அந்தச் சந்தேகத்தோடேயே இரண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். பிரிட்ஜிலிருந்து வந்த தாள் மேசைமேல் விரிந்தது. ஷூ நாடா, சரி. தும்மல், சரி, போன செவ்வாய் நடுஹாலில் நின்று தும்மியதற்கு மகள் சாட்சி. தூக்கம், சரி. மளிகைப் பை, பாதி மாடி. ஹாலைக் குனிந்து தட்டுவது? டாக்டரம்மா குனியச் சொன்னார். நாலு நிமிடத்தில் முகம் சுருங்கிவிட்டது.

"அஞ்சுல மூணு. நல்ல முன்னேற்றம். ஆனா இது என் கையாலயா, உங்க நடையாலயா, நாள் போனதாலயான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் குனியறது இப்போ முடியாது. எப்பவாவது முடியும்னும் சத்தியம் பண்ண மாட்டேன்."

தட்டுமேஸ்திரி தொங்கும் பிளாஸ்டிக் எலும்பைப் பார்த்தார். "அப்ப லாரி நம்பர்தான்" என்றார்.

"குனிஞ்சுதான் தட்டணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமா" என்றார் அவர். "இல்ல" என்றார் மனைவி, அதே நேரத்தில். "கம்பெனியில நின்னுக்கிட்டே தட்டற நீளக் கம்பி இருக்கு. இவரு தொட மாட்டாரு."

"அது சோம்பேறிங்களுக்கு! காது தரைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் பொக்கு தெரியும்."

டாக்டரம்மா மூலையிலிருந்த துடைப்பக் கம்பை எடுத்தார். "கண்ண மூடுங்க. நேரா உக்காருங்க." அறை முழுக்க நடந்து நடந்து கம்பால் தரையைத் தட்டினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தட்டுமேஸ்திரி சொல்லிக்கொண்டே வந்தார். "நல்லது. நல்லது. பொக்கு. நல்லது. இது ஓரம் மட்டும் பொக்கு. இது சுவரு, ஏமாத்தாதீங்க."

"உங்க காது இப்போ எங்க இருக்கு சார்?"

அவர் கண்ணைத் திறந்து, தன் காதைத் தொட்டுப் பார்த்தார். தரைக்கும் அதற்கும் நாலடி இருந்தது. பத்தொன்பது வருடக் கொள்கை ஒன்று துடைப்பக் கம்பால் அடிபட்டு வீழ்ந்ததை அவர் மரியாதையாக ஏற்றுக்கொண்டார்.

புது டவர் தயாரான அன்று, முதல் வீட்டு ஹாலில் மானேஜர் நின்றார். பக்கத்தில் காண்ட்ராக்டர், நாலு ஆட்களோடும் ஒரு புன்சிரிப்போடும் நின்றார். "மேஸ்திரிக்கு எதுக்கு சார் கஷ்டம்? நாலே நாள்ல முடிச்சுடறோம்" என்றார்.

தட்டுமேஸ்திரி நீளக் கம்பியோடு உள்ளே வந்தார். நிமிர்ந்து நின்று, மெதுவாக நடந்தபடி தட்டினார். கிண், கிண், கிண், பொத். கிண், பொத், பொத். ஒவ்வொரு பொத்துக்கும் காண்ட்ராக்டரின் புன்சிரிப்பு ஒரு பல் குறைந்தது. ஹால் முடிந்தபோது மொத்தம் பதினொரு பொத்.

மானேஜர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தார். "முதுகு முழுசா சரியாயிடுச்சா?"

பழைய தட்டுமேஸ்திரியாக இருந்தால் நூறு பர்சன்ட் என்றிருப்பார். வாய்வரைக்கும் வந்தது. "அஞ்சுல மூணு சார்."

"ஒரு நாளைக்கு எட்டு வீடு வருமா?"

"ஆறு. நடுவுல ரெண்டு தடவை கொஞ்சம் நடப்பேன்."

"எட்டு பண்ணவே முடியாதா?"

"பண்ணலாம் சார். மறுநாள் ஒண்ணுகூட இருக்காது."

மானேஜர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "பதினாலு நாள். சரி, நீங்களே பாருங்க மேஸ்திரி." காண்ட்ராக்டர் வாயைத் திறந்தார். மானேஜர் அதிலிருந்து எதுவும் வருவதற்கு முன்னால் சாக்பீஸை அவர் கையில் வைத்தார். "இவரு குனியக் கூடாது. குறி நீங்க போடுங்க."

தட்டுமேஸ்திரி நீளக் கம்பியால் ஒவ்வொரு டைலாகச் சுட்டிக்காட்டினார். தன் ஆட்கள் ஒட்டிய டைலின்மேல் காண்ட்ராக்டர் தானே குனிந்து, தானே பெருக்கல் குறி போட்டார். பதினோராவது குறியைப் போட்டு நிமிர்ந்தபோது அவருடைய கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"பத்துக்கு எத்தனை?" என்று தட்டுமேஸ்திரி மிகுந்த அக்கறையோடு விசாரித்துவிட்டு, படுக்கையறைப் பக்கம் நடந்தார்.